மாட்டுக் களவாணி என்று யார் சொல்லலாம்?

கட்டுத்தறியில் கயிறு மட்டும் கிடந்தது. மாட்டைக் காணவில்லை.

மாட்டுப் பொங்கலன்று காலை. பனி இன்னும் வாழைத்தோப்பை விட்டுப் போகவில்லை. தவசி மாமா அந்தக் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு, அதில் ஏதோ எழுதியிருப்பதைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொம்புக்கு அடிக்கக் கலக்கி வைத்திருந்த நீலப் பெயிண்டில் ஒரு கோழி கால் வைத்துவிட்டு, முற்றமெல்லாம் நீலமாக நடந்துகொண்டிருந்தது.

"கலெக்டரைக் காணோம்" என்றார் மாமா.

கலெக்டர் என்பது மாடுதான். மாமா வளர்த்த ஜல்லிக்கட்டுக் காளை. "நம்ம குடும்பத்துக்கு ஒரு கலெக்டர் வேணும். மாப்ள படிச்சு ஆகுறானோ இல்லையோ, நான் பேரையாச்சும் வச்சிர்றேன்" என்று சொல்லி வைத்த பெயர். அந்த மாப்பிள்ளை நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள். கலெக்டரும் நானும் கிட்டத்தட்ட ஒரே மரியாதையில் வளர்ந்தோம். அவருக்குப் பருத்திக்கொட்டை, எனக்கு டியூஷன்.

அப்போதுதான் வாய்க்கால் பக்கமிருந்து லோக்வாங் வந்தான். முழங்கால் வரை சேறு. கையில் கலெக்டரின் கழுத்து மணி.

முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் அவனைப் பார்த்தோம். நீலக் கோழிகூட நின்றுவிட்டது.

வார்டன் செய்த நல்ல காரியம்

லோக்வாங் யார் என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன். கென்யாவின் வடக்கு எல்லையில் இருக்கும் துர்கானா இனத்துப் பையன். உதவித்தொகை வாங்கிக்கொண்டு, தேனிப் பக்கத்தில் நான் படித்த கல்லூரிக்கு விவசாயம் படிக்க வந்தவன். அதே வருடம் எத்தியோப்பியாவிலிருந்து நக்வா வந்தான். அவன் தாசனெச் இனம்.

எங்கள் வார்டன் தங்கமான மனிதர். இரண்டு பேருடைய ஊரையும் செல்போன் மேப்பில் தேடிப் பார்த்தார். நடுவில் ஒரு ஏரியும் ஒரு கோடும்தான் தெரிந்தன. "அட, பக்கத்துப் பக்கத்து ஊருக்காரக! பேச்சுத் துணைக்கு ஆகும்" என்று சந்தோசப்பட்டு ஒரே அறையில் போட்டார். தமிழ் சொல்லிக்கொடுக்க என்னை மூன்றாவது கட்டிலில் போட்டார்.

அந்த ஏரிக்கரையிலும் அதற்குள் வந்து விழும் ஆற்றுப் படுகையிலும், புல்லுக்கும் தண்ணீருக்கும் மீனுக்கும் அந்த இரண்டு இனங்களும் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொள்கின்றன என்று வார்டனுக்கு எப்படித் தெரியும்? இவர்கள் போய் அவர்கள் மாட்டுப்பட்டியை ஓட்டி வருவார்கள். அவர்கள் வந்து இவர்கள் பட்டியை ஓட்டிப் போவார்கள். முன்பு ஈட்டி, பிறகு துப்பாக்கி. லோக்வாங்குக்கு ஒரு சித்தப்பா, நக்வாவுக்கு ஒரு அண்ணன், அந்தச் சண்டையில் போனவர்கள். இதை முதல் நாளே இரண்டு பேரும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். 

எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடலாம் என்று நம்புகிற வயசு எனக்கு. 'ஒற்றுமையே பலம்' என்ற பேச்சுப்போட்டியில் எவர்சில்வர் தட்டு வாங்கியவன் வேறு. இரண்டு கட்டிலுக்கும் நடுவே என் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஐ.நா. சபையைப் போலப் படுத்தேன். ஃபேன் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் ஆரம்பித்தது. ஐ.நா. சபை என்ன செய்யும்? காற்று வாங்கிக்கொண்டு படுத்திருந்தது.

எந்த மொழியில் திட்டுவது?

அவர்கள் இரண்டு பேருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம். ஆனால் ஆங்கிலத்தில் திட்டினால் சப்பென்று இருக்கிறதாம். சொந்த மொழியில் திட்டினால் எதிராளிக்கு முழுதாகப் போய்ச் சேராது. எதிராளி மொழியைப் பேசுவதோ கௌரவக் குறைச்சல். ஆறு மாதத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மெஸ் மாஸ்டரிடமும் கம்பம் போகும் பஸ் கண்டக்டர்களிடமும் கற்ற தமிழில் திட்டிக்கொண்டார்கள்.

"ஏலே மாட்டுக் களவாணி, என் சோப்பு எங்கன?" இது நக்வா.

"ஒங்க தாத்தாகிட்டக் கேளு. எங்க பட்டியை ஓட்டிட்டுப் போனாருல்ல, அந்த மாட்டு முதுகுல இருக்கும்" என்பான் லோக்வாங்.

வராந்தாவில் போகிற பையன்கள் நின்று கேட்பார்கள். கைதட்டல்கூட விழும். நான் மட்டும் எழுந்து கதவைச் சாத்துவேன்.

மாடு என்று வந்துவிட்டால் மட்டும் இரண்டு பேரும் குரலைத் தாழ்த்துவார்கள். இரண்டு இனத்திலும் ஒரே வழக்கம் உண்டு. வயசுப் பையனுக்கு என்று ஒரு காளை. அதன் பெயரைச் சேர்த்துத்தான் கூட்டாளிகள் அவனைக் கூப்பிடுவார்கள். அந்தக் காளைக்கு அவனே பாட்டுக் கட்டி, அவனே பாடுவான். 'இந்த வழக்கத்தை எங்களிடமிருந்து அவர்கள்தான் எடுத்துக்கொண்டார்கள்' என்று இரண்டு பேருமே என்னிடம் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசி வருடப் பொங்கலுக்கு இரண்டு பேரையும் ஊருக்கு அழைத்துப் போனேன். மாமாவின் தொழுவத்தில் கலெக்டரைப் பார்த்ததும் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். சாம்பல் ஓடிய மயிலை நிறம். நெற்றியில் வெள்ளைச் சுழி. மேகமலையைக் குத்திப் பார்க்கலாமா என்பது போல நிமிர்ந்த கொம்புகள்.

"இது என் மாடு" என்றான் லோக்வாங்.

"நான்தான்டா மொதல்ல பாத்தேன்" என்றான் நக்வா.

மாமாவுக்கு வாயெல்லாம் பல். "ரெண்டு நாட்டுக்காரக என் மாட்டுக்கு அடிச்சுக்கிறாக" என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

லோக்வாங் தினமும் விடிகிற நேரத்தில் தொழுவத்துக்குப் போய்ப் பாடினான். என்னை மூன்று அடிக்குள் விடாத கலெக்டர், அவனுக்குத் தலையைத் தாழ்த்திக் கொம்பைக் கொடுத்தார். நக்வாவுக்குப் பொறுக்கவில்லை. போகிற வருகிறவர்களிடமெல்லாம், "மாட்டைப் பத்திரமாப் பாத்துக்கங்க. இவன் ஆளுக மாட்டைக் கண்டா விட மாட்டாக" என்றான். ஊரே சிரித்தது.

அக்கரை

இன்னொரு கதையையும் இங்கேயே சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஊருக்கும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊருக்கும் ஆகாது. அதை நாங்கள் பெயர் சொல்லிச் சொல்வதில்லை. அக்கரை என்போம். எப்போதோ ஒரு கோடையில் மடையை யார் உடைத்தார்கள் என்பதில் தொடங்கியது. நான் பிறப்பதற்கு முந்திய கோடை. அதற்குப் பிறகு பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. இரண்டு ஊருக்கும் பொதுவாக ரோட்டோரம் ஒரு டீக்கடை. கடைக்காரர் நடுவில் ஒரு தென்னந்தட்டி கட்டிவிட்டார். பாய்லர் ஒன்றுதான்.

லோக்வாங் மாமாவிடம் ஒரு நாள் கேட்டான். "அவங்க வேற பாஷையா மாமா?"

"பாஷை ஒண்ணுதான்."

"வேற சாமியா?"

"அதுவும் ஒண்ணுதான். ஆனா என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீக? அவிங்களைப் பாத்தாலே தெரியுமே. நடையே வேற."

லோக்வாங் வாய்க்கால் மேட்டில் ஏறி, அக்கரையில் கரும்பு தூக்கிப் போனவர்களை ரொம்ப நேரம் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் தெரியல மாமா" என்று வருத்தத்தோடு இறங்கி வந்தான்.

மாமா அதைக் குறையாக எடுத்துக்கொண்டார். ஆனால் முந்தின நாள்தான் என் அம்மா, லோக்வாங்குக்கும் நக்வாவுக்கும் இட்லி வைத்துக்கொண்டே, "ரெண்டு பேரும் அண்ணன் தம்பி கணக்கா இருக்காகளேடா" என்று சொல்லிவிட்டார். இரண்டு பேரும் இட்லியை அப்படியே வைத்துவிட்டார்கள்.

"அம்மா! அவன் மூக்கைப் பாருங்கம்மா!" என்றான் நக்வா.

மணி எப்படிக் கைக்கு வந்தது?

இப்போது அந்த முற்றத்துக்குத் திரும்புகிறேன்.

"மணி எப்படித் தம்பி உங்க கைக்கு வந்துச்சு?" மாமாவின் குரலில் அதுவரை இருந்த விருந்தாளி மரியாதை ஒரு படி இறங்கியிருந்தது.

"வாய்க்கால் மேட்டுல கெடந்துச்சு மாமா. பாட்டுப் பாட வந்தேன். மாடு இல்ல. தேடிப் போனேன்."

"அந்த மாடு வேத்தாள் யாரையும் கிட்ட விடாது. இந்தத் தம்பியைத்தான் விடும்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அந்தத் தம்பிதான் அன்னைக்கே சொல்லுச்சே" என்றது இன்னொரு குரல்.

எல்லாத் தலையும் நக்வா பக்கம் திரும்பியது. அவன் தொட்டியடியில் வாய் நிறையப் பற்பசை நுரையோடு நின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, நீங்கதான சொன்னீக, இவுக ஆளுக மாட்டுக் களவாணிகன்னு?" என்றார் மாமா. பிறகு யாரையும் பார்க்காமல், "ஸ்டேஷனுக்கு ஒரு ஆள் போங்கப்பா. நாளைக்கு வாடிவாசல்ல ஜல்லிக்கட்டு. என் மாடு எனக்கு வேணும்" என்றார்.

 வெளிநாட்டு மாணவன் மேல் ஒரு புகார் விழுந்தால் படிப்பும் விசாவும் ஒன்றாகப் போகும். லோக்வாங்கும் அவன் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். இன்னும் ஒரு பரீட்சைதான் பாக்கி. அவன் மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டிருந்தான், சத்தம் வரக் கூடாது என்பது போல.

"பெரியோர்களே" என்று நான் ஆரம்பித்தேன்.

"மாப்ள, தட்டு வாங்குன பேச்சை அப்பறம் பேசு" என்றார் மாமா.

நக்வா துப்பினான். வாய் கொப்பளித்தான். நிதானமாக நடந்து வந்தான். அவன் ஒரு ஆமாம் சொன்னால் போதும். செத்த அண்ணனுக்கும் பறிபோன மாடுகளுக்கும் சேர்த்து எல்லாக் கணக்கும் அந்த முற்றத்திலேயே முடிந்துவிடும். லோக்வாங்குக்கும் அது தெரிந்திருந்தது. அவன் நக்வாவைப் பார்க்காமல் கோழியைப் பார்த்தான்.

"எத்தனை மாடு காணோம் மாமா?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணா?" நக்வா சிரித்தே விட்டான். "ஒத்த மாட்டுக்கா வருவாக? இவன் ஆளுக வந்தா பட்டியில சாணி மட்டும்தான் மாமா மிச்சம் இருக்கும். கத்திக்கிட்டு வருவாக. பாடிக்கிட்டுப் போவாக. இவன் தாத்தா எங்க பட்டியை ஓட்டுன பாட்டை எங்க ஊருப் பிள்ளைகளே பாடும். அப்பேர்ப்பட்ட ஆளுகளைப் போயி, கயித்தை உருவிட்டுப் பூனை மாதிரிப் போனாகன்னு சொல்றீக. எங்களுக்கு அசிங்கமா இருக்கு."

"உங்களுக்கு என்ன தம்பி அசிங்கம்?"

"நாங்க சண்டை போடுறது பெரிய ஆளுகளோட மாமா. இந்த மாதிரிச் சில்லறைத் திருடனோட இல்ல."

"நீங்கதான தம்பி களவாணின்னு..."

"நான் சொல்லலாம். எங்க அப்பா சொல்லலாம். எங்க மாட்டை ஓட்டுனாக, நாங்க சொல்றோம். உங்க மாட்டை ஓட்டுனாகளா? நீங்க எப்படிச் சொல்லலாம்?"

 லோக்வாங் தன் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னான்.

"வாயை மூடுலே" என்றான் நக்வா. "ஒனக்காக ஒண்ணும் பேசல."

தாய்வீட்டுப் பொங்கல்

அம்மாதான் முதலில் அசைந்தார். "மணி வாய்க்கால் மேட்டுலயா கெடந்துச்சு?"

"ஆமாம்மா. காலடி அக்கரைப் பக்கம் போகுது" என்றான் லோக்வாங். "கட்டு அவுந்த மாடு பொறந்த எடத்துக்குத்தான் போகும்."

"அது மயிலாடும்பாறை மாடு!" மாமா அவசரமாகச் சொன்னார். "மலைமாட்டுக்காரர் ஒருத்தர்கிட்டக் கன்னுக்குட்டியா வாங்குனது. ஊருக்கே தெரியும்."

"மயிலாடும்பாறை இந்தப் பக்கமால்ல இருக்கு?" அம்மா நேர் எதிர்த் திசையில் கையைக் காட்டினார். பிறகு தன் தம்பியின் முகத்தைக் கிட்ட வந்து பார்த்தார். "ஏலே தவசி, இந்தப் பனியில ஒனக்கு எதுக்குலே வேர்க்குது?"

மாமா பதில் சொல்வதற்குள் அக்கரைக் கோயில் குழாய் ரேடியோவில் பாட்டு நின்றது. யாரோ மைக்கை ஊதிப் பார்த்தார்கள்.

"ஊர்ப் பொதுமக்கள் சார்பா ஒரு அறிவிப்பு. நம்ம சன்னாசி அண்ணன் தொழுவத்துல பொறந்து வெளியூருக்கு வாக்கப்பட்டுப் போன மயிலைக் காளை ஒண்ணு, விடியக்காலம் தாய்வீட்டுப் பொங்கலுக்கு வந்திருக்கு. சொகமா இருக்கு. பொங்கல் சாப்பிட்டுச்சு. புகுந்த வீட்டுக்காரக கவலைப்பட வேணாம், வந்து அழைச்சிட்டுப் போகலாம்."

எல்லா அறிவிப்பையும் போல இதையும் இன்னொரு முறை சொன்னார்கள். இரண்டாம் முறை பாதியில் சிரித்துவிட்டு மைக்கை அணைத்தார்கள்.

எங்கள் ஊரின் பெருமை அக்கரையில் பிறந்தது என்பதை எங்கள் ஊர் நின்றபடியே விழுங்கியது. மாமா தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"கன்னுக்குட்டியாப் பாத்தேன்க்கா. தரகனை விட்டு வாங்கிட்டேன். என்ன பண்ணச் சொல்ற? அந்தக் கண்ணைப் பாத்தா ஊரா தெரியுது?"

மணி வாய்க்கால் மேட்டில் கிடந்தது என்றவுடனே மாமாவுக்கு விஷயம் புரிந்திருக்கும் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார். மாமா இன்றைக்கும் மறுக்கிறார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கொஞ்ச நேரம் கழித்து மாமா எழுந்தார். செம்பில் தண்ணீர் மொண்டு வந்து லோக்வாங்கின் சேற்றுக் காலில் தானே ஊற்றினார். "காலைக் கழுவிக்கங்க தம்பி" என்றார். சேறு போன பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தார். "நாளைக்கு வாடிக்கு நீங்கதான் கயித்தைப் பிடிச்சு வரணும்" என்றார், தண்ணீரைப் பார்த்தபடி.

"சரி மாமா" என்றான் லோக்வாங். பிறகு மணியின் நாக்கிலிருந்து விரலை எடுத்தான்.

இரண்டு தூதர்கள்

மாட்டை யார் போய் அழைத்து வருவது? எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் அக்கரையில் கால் வைக்க மாட்டார்கள். அக்கரையோடு சண்டை இல்லாதவர்கள் அந்த முற்றத்தில் இரண்டே பேர். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவேதான் சண்டை.

மொழிபெயர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். ஒருவருக்கும் அது தேவைப்படவில்லை. சன்னாசி தொழுவத்து வாசலில் நின்றிருந்தார். கறுத்து நெடிய மனிதர். அவருக்குப் பின்னால் கலெக்டர், கழுத்தில் ஆவாரம்பூ மாலையும் கொம்பில் புதுத்துண்டுமாக, எங்களை யாரென்றே தெரியாதது போல அசைபோட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பிகளுக்கு எந்த ஊரு?"

சொன்னார்கள்.

"ரெண்டு பேரும் கூட்டாளிகளா?"

"இல்லங்க. சண்டைக்காரங்க" என்றான் நக்வா.

"அப்படியா." சன்னாசி ஆச்சரியமே படவில்லை. "பக்கத்துப் பக்கத்து ஊரா?"

"ஆமா."

"நடுவுல தண்ணி ஓடுதா?"

"ஆறு இருக்கு. ஏரியும் இருக்கு."

"அப்பச் சரிதான். உக்காருங்க, பொங்கல் சாப்பிட்டுட்டுப் போகலாம்."

இலையில் சர்க்கரைப் பொங்கல் நெய்யோடு விழுந்தது. நாங்கள் சாப்பிடும்போது சன்னாசி கலெக்டரின் விலாவைத் தடவிப் பார்த்தார். திமிலை அழுத்திப் பார்த்தார். "நல்லாத்தான் வச்சிருக்கான், மடை ஒடைச்ச பய" என்றார். கிளம்பும்போது ஒரு வேட்டியும் ஒரு கட்டுக் கரும்பும் கொடுத்துவிட்டார். "யாருக்குங்க?" என்றேன். "மாட்டுக்குத்தான்" என்றார்.

வரும் வழியில் வாய்க்கால் மேட்டில் லோக்வாங் தன் பாட்டை எடுத்தான். நக்வா சும்மா இருப்பானா? அவனும் தன் பாட்டை எடுத்தான். இரண்டு மொழி, இரண்டு மெட்டு. நடுவில் நடந்த கலெக்டர் இரண்டு காதையும் இரண்டு பக்கம் திருப்பிக்கொண்டார். எந்தப் பாட்டுக்கு வாலை ஆட்டினார் என்பதில் இருவருக்கும் இன்னும் தீராத வழக்கு இருக்கிறது.

பாலம் ஏறும்போது நக்வா என்னைத் தனியாக இழுத்தான். "காலையில நான் பேசுனது எங்க ஊருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா எங்க அப்பா வீட்டுக்குள்ள விட மாட்டாரு." சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. நான் சத்தியம் செய்தேன். நான் எழுதும் இந்தப் பத்திரிகைத் தொடர் அங்கே போகாது என்று நம்புகிறேன்.

மறுநாள் வாடியில் கலெக்டர் பிடிபடவில்லை. இரண்டு ஊரும் விசில் அடித்தன, ஒன்றையொன்று பார்க்காமல்.

லீவு முடிந்து நாங்கள் கிளம்பிய அன்று மாமா சின்னமனூர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வழியனுப்ப வந்தார். சன்னாசி கொடுத்த வேட்டியைக் கட்டியிருந்தார்.  டீ குடிக்கும்போது, பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரர் ஒருவர் மாமாவை அடையாளம் கண்டுகொண்டார்.

"கேள்விப்பட்டேண்ணே. அக்கரைக்காரங்க கைக்குப் போயும் மாடு முழுசாத் திரும்பி வந்துச்சே, பெரிய விஷயம்தான். களவாணிப் பயலுகளாச்சே அவிங்க."

மாமா டீ கிளாஸை வைத்தார்.

"யாரைச் சொல்றீக?"

"அக்கரைக்காரங்களைத்தான்ணே."

"அவிங்க களவாணிகதான். மடையை ஒடைச்சவிங்கதான். அதை நாங்க சொல்லலாம். நீங்க எந்த ஊரு?"

அந்த மனிதர் பாதி டீயோடு போய்விட்டார். நக்வா மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமா, இது நான் பேசுன பேச்சுல்ல?"

மாமா காதில் விழாதது போலத் திரும்பி, பஸ் வருகிறதா என்று பார்த்தார். லோக்வாங் நக்வாவின் தோளில் கை போட்டான். நான் அதற்கு முன்பு ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை.

"விடுலே" என்றான். "ஒன் பட்டியிலருந்து மாமாவும் ஒண்ணை ஓட்டிட்டாரு."